கருத்து இருக்கிறது, எங்கே சொல்வது? செட்டிநாட்டு இளைஞர்களுக்கு ஒரு ஒப்பீடு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பில் அக்கறை இல்லை என்று சொல்கிறவர்கள், காரைக்குடியில் ஏதாவது ஒரு கல்லூரி வாசல் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று கேட்க வேண்டும். நீட், மும்மொழிக் கொள்கை, தொகுதி மறுவரையறை, சாதிவாரிக் கணக்கெடுப்பு, கல்விக் கடன் என்று எதை எடுத்தாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பேச்சில் சூடும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. ஆனால் "சரி தம்பி, இதை யாரிடம் சொன்னாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஸ்டேட்டஸ் வைத்திருந்தேனே, பார்க்கவில்லையா?"

சனிக்கிழமை தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. படிப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவில் மாதத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் கிடைக்கும் ஒரு பிள்ளை, தன் கருத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் பலன் இருக்கும்? ரீல், பட்டிமன்ற மேடை, கிராம சபை, சட்ட வரைவுக்குக் கருத்து அனுப்புவது, தகவல் உரிமை மனு, எம்.பி.க்குக் கடிதம், காரைக்குடி ஐந்து விளக்குச் சந்திப்பில் ஆர்ப்பாட்டம் என்று பல வழிகள் இருக்கின்றன. இவற்றை எடைபோட நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: நாம் சொல்வதைக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறதா, அல்லது நாம் சொன்னதாவது எங்கேனும் எழுத்தில் பதிவாகிறதா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நாம் பெரிதாக நினைக்கும் சில வழிகள் சிறுத்துவிடுகின்றன. யாரும் கண்டுகொள்ளாத சில வழிகள் முன்னே வருகின்றன.

பேசாமல் இருந்துவிடலாமா?

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் சிபாரிசு செய்யப்படுவது இதுதான். "நமக்கு எதுக்குப்பா இந்த வம்பு? படிச்சு முடி, சிங்கப்பூருக்குப் போ, அப்புறம் என்ன வேணும்னாலும் பேசு" என்று அப்பத்தா சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று கப்பலேறிப் பிழைத்த பூமி இது. இன்றைக்கும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பணத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கினால் கிடைக்கும் என்றாலும் அந்த அலைச்சல் சாதாரணமானதில்லை. காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும் ஒரு வழக்கு போதும், கனவு கலைந்துவிடும். பெரியவர்களின் பயம் வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் பயப்பட வேண்டியது வழக்குக்குத்தான். சட்ட வரைவைப் படித்து மின்னஞ்சல் அனுப்பியதற்காக யாரும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. கிராம சபையில் எழுந்து ஒரு தீர்மானம் கேட்பது வாக்காளரின் உரிமை. எல்லா வழிகளுக்கும் ஒரே ஆபத்து இருப்பதாக நினைத்து மொத்தமாக வாயைக் கட்டிப்போடுவது, பிள்ளையைப் பாதுகாப்பதாகாது.

நம் ஊரின் பழைய கதையும் வாய் மூடிய கதை இல்லை. அன்றைய இளைஞர்கள் 1917இல் காரைக்குடியில் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919 நவம்பரில் பாரதி வந்து, சங்கத்தைப் பாடிவிட்டுப் போனார். கையில் கோலோடு அவர் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படம் காரைக்குடியில் எடுத்ததுதான். குமரன், ஊழியன் என்று இந்த ஊரிலிருந்து வந்த பத்திரிகைகள் சொந்தச் சமூகத்தின் வழக்கங்களையே கேள்வி கேட்டன. 1927இல் சிராவயல் காந்தி ஆசிரமத்தில் இருந்த ஜீவானந்தத்துக்கு வயது 20. வருணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்து அவருக்கே கடிதம் எழுதினார் என்றும், செட்டிநாட்டுப் பயணத்தின்போது காந்தி சிராவயலுக்கே வந்து அவரைச் சந்தித்தார் என்றும் சொல்வார்கள். "உங்களுக்குச் சொத்து எவ்வளவு?" என்று காந்தி கேட்க, "இந்தியாதான் என் சொத்து" என்றாராம் ஜீவா. "இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து" என்று காந்தி திருத்தினாராம். அடுத்து 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது. விடுதலைப் போராட்ட வீரரான 22 வயது சின்ன அண்ணாமலையை அடைத்துவைத்திருந்த திருவாடானைச் சிறையை மக்கள் திரண்டு உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அவையெல்லாம் அடிமை நாட்டின் நிலைமை. இன்றைக்கு நமக்குச் சட்டப்படியான வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தட்டுவது என்பதுதான் பேச்சு.

ரீலும் மேடையும்

ரீலின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் நின்று ஒரு பெண் ஒரு நிமிடம் பேசினால், அன்று இரவுக்குள் கோலாலம்பூரில் இருக்கும் மாமாவும் பார்க்கிறார், சென்னையில் முகம் தெரியாத ஒருவரும் பார்க்கிறார். செலவு இல்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுத் திண்ணையில் பேச இடம் கிடைக்காத பிள்ளைக்கு அது ஒரு மேடை. ஒரே மாதிரி யோசிக்கிற பத்துப் பேர் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்கு இதைவிட வேகமான வழி இல்லை.

குறை என்னவென்றால், அதைப் பார்க்கிற யாருக்கும் பதில் சொல்லும் கடமை இல்லை. அமைச்சகத்தில் எந்தக் கோப்பிலும் உங்கள் ரீல் ஏறுவதில்லை. இரண்டு நாளில் அது கீழே போய்விடுகிறது. போகும்போது நம் கோபத்தையும் கொண்டுபோய்விடுகிறது, "சொல்லிவிட்டோம்" என்ற திருப்தி மட்டும் மிஞ்சுகிறது. நான் பார்த்தவரை, ரீல் போட்டுவிட்டு அதே விஷயத்துக்காக இன்னொரு அடி எடுத்து வைத்த பிள்ளைகள் குறைவு.

ஆபத்தும் இதில்தான் கூடுதல். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு முகநூல் பதிவுக்காக மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்கள் 2012இல் கைதானதைப் பார்த்துவிட்டு, 21 வயது ஸ்ரேயா சிங்கால் போட்ட வழக்கு அது. நாட்டில் இணையத்தில் எழுதுகிற எல்லாரும் அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் 66ஏ போனதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. பிரிவினரிடையே பகையை மூட்டுவது, பீதி கிளப்பும் பொய்ச் செய்தி பரப்புவது ஆகியவற்றுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 196, 353 என்று பிரிவுகள் இருக்கின்றன. "நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்" என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடும் பழக்கம் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

பட்டிமன்றம் நம் மண்ணுக்கே உரிய வழி. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையிலும், குன்றக்குடி அடிகளாரின் தலைமையிலும் வளர்ந்த கலை அது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. நமக்குப் பிடிக்காத அணியைக் கொடுத்து, அந்தப் பக்கத்து நியாயத்தைத் தேடிப் பேச வைக்கிறது அல்லவா, அந்தப் பயிற்சியை வேறு எங்கும் பெற முடியாது. எதிராளியை வசைபாடாமல் மடக்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு எந்தச் சபையிலும் நிற்பாள். ஆனால் இன்றைய கல்லூரி மேடைகளில் "நடப்பு அரசியல் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நடுவர் தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 2019இல் தொடங்கிய தேசிய இளைஞர் நாடாளுமன்ற விழாவும் ஏறக்குறைய இப்படித்தான். நாவுக்கு நல்ல பயிற்சி. அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

கிராம சபை

நாட்டுப் பிரச்சினைக்கும் கிராம சபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுவேன். அது இருக்கும் மதுரை மாவட்டத்து மேலூர் நமக்குத் தூரமில்லை. 2023இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போனது. அதன்படி 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேருக்கான டங்ஸ்டன் ஏலம் முடிந்து ஒரு நிறுவனம் தேர்வானது. அந்தப் பரப்பில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் வந்தது. தீபாவளியால் நவம்பர் 1இலிருந்து 23க்குத் தள்ளிப்போன வழக்கமான கிராம சபையில் அந்தப் பகுதி ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தீர்மானம் மட்டுமே சாதித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வணிகர்கள் கடையடைத்தார்கள், கட்சிகள் பேசின, டெல்லி வரை போய்ப் பார்த்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் "ஊர் சம்மதிக்கவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தது. அடுத்து வந்த ஒவ்வொருவரும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஆயிரம் ரீல் சேர்ந்தாலும் அந்தத் தாளின் இடத்துக்கு வராது.

நடைமுறை இதுதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை நிரப்பவே பல ஊர்களில் திணறுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சாதகமான செய்தி. 20 பேர் சேர்ந்து போனால் உங்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் நடத்துவது கஷ்டம். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் ஏறும் வரை இடத்தைவிட்டு எழக் கூடாது. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகு, "தலைவரே, நம்ம பிள்ளைங்க கேக்குறாங்க" என்று உரிமையோடு பேசும் வசதி போய்விட்டது. அதனால் எழுத்து இன்னும் முக்கியமாகிவிட்டது.

தீர்மானத்தைத் தேசத்தோடும் ஊரோடும் சேர்த்துக் கோர்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. "கல்விக் கொள்கையை மாற்ற வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் அலுவலர் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். "எங்கள் ஊராட்சியில் இத்தனை பட்டியலின மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்து சேரவில்லை, இதில் 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் தர வேண்டியது, இருவருக்கும் இந்தத் தீர்மானத்தை அனுப்ப வேண்டும்" என்று பெயர்ப் பட்டியலோடு கேட்டால் அவர் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிராம சபை எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கும் கதவு இல்லை. தேவகோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து நின்றபோது, "பொம்பளப் பிள்ளைக்கு டெல்லி விவகாரம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்திருக்கிறது. அடுத்த முறை அவள் தன் அம்மாவின் மகளிர் குழுவோடு போய் உட்கார்ந்தாள். பேசியது அவள்தான், ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சேரியிலிருந்து போகும் பிள்ளைக்கு இதைவிடப் பாரம் அதிகம். தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவியில் எல்லாச் சாதியினரும் தேர் வடம் பிடிக்கும் சமத்துவம் எத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டெல்லியில் நடக்கும் அநீதிக்குத் துடிக்கிற நம் பிள்ளைகள் பலர் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை, ஏனென்றால் படிக்கப்போகிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். சாதி ஒரு தேசியப் பிரச்சினை என்றால் அதற்கு நம் ஊரிலும் ஒரு முகவரி இருக்கிறது. அதைப் பேசும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் மட்டும் வைக்காமல், மேல்தட்டில் பிறந்த பிள்ளைகள் முதலில் எழுந்து பேச வேண்டும். இதை நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

காரைக்குடி நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். 2024இல் காரைக்குடி மாநகராட்சியாகி, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் முதலிய ஊராட்சிகளும் உள்ளே வந்துவிட்டன. ஊராட்சி போனால் கிராம சபையும் போய்விடும். அதற்குப் பதிலாக வார்டுக்குள் பகுதி சபை உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளையொட்டி அந்தக் கூட்டங்கள் தொடங்கின. ஆனால் அங்கே சாக்கடை, தெருவிளக்கு, குடிநீரைத் தாண்டிப் பேச்சு நகர்வது அரிது. நகரத்துப் பிள்ளைகள் அடுத்துச் சொல்லும் வழியைப் பார்ப்பதே மேல்.

சட்ட வரைவுக்குக் கருத்து

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் அதிகம் வீணடிக்கும் வாய்ப்பு இதுதான். மத்திய அரசு ஒரு சட்டமோ விதியோ கொண்டுவரும் முன் அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. எல்லா மசோதாவுக்கும் அதைப் பின்பற்றுவதில்லை என்பது பெரிய குறை. ஆனால் பின்பற்றும்போது, கானாடுகாத்தானில் இருக்கும் மாணவியும் டெல்லியில் இருக்கும் பெரிய வழக்கறிஞரும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்குத்தான் எழுதுகிறார்கள். வயது வரம்பு கிடையாது. ஆபத்தும் ஏறக்குறைய இல்லை.

இதனால் எதுவும் மாறுமா? சில முறை மாறியிருக்கிறது. 2015இல் இணையச் சமத்துவம் பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன, அனுப்பியவர்களில் பெரும்பங்கு இளைஞர்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, இணையதளத்துக்குத் தக்கபடி வெவ்வேறு கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. அதே விவகாரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் திட்டத்துக்கு ஆதரவாக, ஏற்கெனவே தயாரான கடிதத்தை லட்சக்கணக்கானவர்கள் பெயரில் அனுப்ப வழிசெய்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இவை பதில் சொல்லவில்லை என்று ஆணையம் அவற்றைக் கடிந்துகொண்டது. ஒரே கடிதத்தைப் பத்தாயிரம் பேர் அனுப்புவதைவிட, கேட்ட கேள்விக்குத் தன் ஊர் அனுபவத்திலிருந்து ஒருவர் எழுதும் இரண்டு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

2019இல் தேசியக் கல்விக் கொள்கை வரைவு வெளிவந்ததும் இந்தி கட்டாயம் என்று தொனித்த பகுதிக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால், மூன்று நான்கு நாட்களுக்குள் அந்தப் பத்தி திருத்தப்பட்டது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு லட்சக்கணக்கில் கருத்துகள் போயின. வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வரைவு அப்படியே இறுதியாகவில்லை என்றாலும், அதில் இருந்த சில தளர்வுகள் பின்னால் தனித்தனி உத்தரவுகளாக வந்தன. முழு வெற்றி என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் எழுத்து அரசாங்கக் கோப்பில் ஏறுகிறது, நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் "மக்கள் சொன்னதைக் கேட்கவில்லை" என்பதற்கு அதுவே சான்று.

கஷ்டம் மொழியில்தான் இருக்கிறது. வரைவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் 60, 80 பக்கம் இருக்கும். தனியாக உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்தில் கண் சொருகும். எங்கள் வட்டத்தில் ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் பங்கைத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பட்டிமன்றப் பயிற்சி உள்ள பிள்ளைகள் இங்கேதான் ஜொலிக்கிறார்கள். பிறகு தமிழில் எழுதி, முக்கியமான பத்தியை ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்புகிறோம். எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஏன், நம் பக்கத்தில் அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று நாலு விஷயம் இருந்தால் போதும்.

மனுவும் கடிதமும்

தகவல் உரிமைச் சட்டத்தில் கருத்துச் சொல்ல முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். ஆனால் 10 ரூபாய்க்கு, 30 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டிய கடமை அரசு அலுவலகத்துக்கு வருகிறது. பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விண்ணப்பம் தமிழிலும் இருக்கலாம். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சிவகங்கை மாவட்டத்தில் வந்த கல்விக் கடன் விண்ணப்பங்கள், ஏற்றவை, மறுத்தவை" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். ரீல் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யும் பிள்ளையின் பேச்சுக்கு வரும் கனமே தனி.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எம்.பி.க்கு எழுதலாம். சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை மட்டுமல்ல, புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் இருக்கின்றன. அதனால் மாவட்ட எல்லை பிரித்த செட்டிநாட்டுப் பிள்ளைகளில் பலருக்கு எம்.பி. ஒருவர்தான், சேர்ந்தே எழுதலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு, அவையில் வாய்மொழியாகப் பதில் கேட்கும் 20 நட்சத்திரக் கேள்விகளும் எழுத்தில் பதில் கேட்கும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலாகின்றன. 15 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "இந்தப் பிரச்சினையைக் கவனியுங்கள்" என்று உருகி எழுதுவதைவிட, கேட்க வேண்டிய கேள்வியையே ஒழுங்காக வடிவமைத்து, கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் அனுப்புவது நல்லது. அவர் கேட்டு, அது பட்டியலிலும் ஏறினால் அமைச்சர் பதில் தர வேண்டும், அது எல்லாரும் படிக்கும்படி வெளியாகும். அவர் கேட்காவிட்டால் உங்களால் எதுவும் செய்ய முடியாது என்பதுதான் இதன் பலவீனம். சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தேசியப் பிரச்சினையைக் கொண்டுபோவதில் பலன் இல்லை. பட்டா, உதவித்தொகை மாதிரி விஷயத்துக்கு மட்டும் அங்கே போகலாம்.

கட்சியின் மாணவர் அணியில் சேர்வதும் ஒரு வழிதான். கொள்கை ஒத்துவந்தால் தாராளமாகச் சேரட்டும். ஆனால் சேர்ந்த பிறகு கட்சி சொல்வதுதான் கருத்து. 19 வயதில் அதற்கு என்ன அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெருவுக்கு வருவது

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் தமிழ்நாடு முழுக்க உட்கார்ந்ததை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நம் பக்கத்தில் அது சொந்த விஷயமாகவே இருந்தது. சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமானது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தெருவுக்கு இருக்கும் வேகம் வேறு எந்த வழிக்கும் இல்லை. ஆனால் அதே போராட்டத்தின் கடைசி நாளில் சென்னையில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்க வேண்டும். அடி வாங்கியவர்களும் வழக்கைச் சுமந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்து விளக்கில் ஆர்ப்பாட்டம் என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். அக்டோபரில் மருதுபாண்டியர் நினைவு நாள், தேவர் ஜெயந்தி காலத்தில் சிவகங்கை மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம், அப்போது கேட்டாலும் கிடைப்பது கஷ்டம். அனுமதி இல்லாமல் கூடினால் வழக்கு வரும், அப்பத்தா பயந்த இடம் இதுதான். எனவே மற்ற வழிகளைத் தட்டிப் பார்த்து, பதில் வராமல் போன பிறகு, அனுமதி வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு இறங்குவதே சரி என்பேன். அரிட்டாபட்டியிலும் தீர்மானம் முதலில், நடைப்பயணம் அப்புறம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஊராட்சியில் வாக்குரிமை உள்ள பிள்ளை என்றால் கிராம சபையைத்தான் முதலில் சொல்வேன். நாட்டு விஷயத்தை ஊர்க் கணக்கோடு இணைக்க முடிகிறபோது அதற்கு இணை வேறு இல்லை. காரைக்குடி மாநகராட்சிக்குள் இருப்பவர்களும், 18 ஆகாதவர்களும், ஊருக்குள் எழுந்து நிற்பது ஆபத்தாக இருக்கும் பிள்ளைகளும் சட்ட வரைவுக்குக் கருத்து அனுப்புவதில் தொடங்கலாம். வெளிநாட்டு வேலைக்கோ காவல்துறைத் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். அந்த மாதம் வரைவு எதுவும் வராவிட்டால் தகவல் உரிமை மனு போடட்டும். பெண் பிள்ளைகள் எதைச் செய்தாலும் ஒருத்தியாகச் செய்யாமல் நாலு பேராகச் சேர்ந்து செய்யட்டும். மகளிர் குழு அக்காமார்கள் நம்பத்தக்க துணை.

ரீலை விட்டுவிடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். மனுவுக்கு வந்த பதிலையோ, தேதியோடு கையெழுத்து வாங்கிய பிரதியையோ, அனுப்பிய மின்னஞ்சலின் முக்கியப் பத்தியையோ காட்டி ஒரு நிமிடம் பேசுங்கள். பார்க்கிறவர் அதே வரைவுக்கு, அதே கடைசித் தேதிக்குள், தன் ஊர் விவரத்தோடு எழுத முடியும்படி முகவரியையும் தேதியையும் கடைசியில் போடுங்கள். மனுவின் படத்தைப் போடும்போது உங்கள் வீட்டு முகவரியையும் செல்பேசி எண்ணையும் மட்டும் மறைத்துவிடுங்கள்.